எழுதி எழுதித் தேய்ந்த நினைவகம்

டெஸ்லாவின் மாடல் எஸ் கார் 2012-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, அதன் டேஷ்போர்டில் பொத்தான் என்று சொல்ல இரண்டுதான் இருந்தன. ஒன்று அபாய விளக்கை எரியவிட, மற்றொன்று முன்னால் உள்ள சிறு பெட்டியைத் திறக்க. ஏசி, பாட்டு, வரைபடம், கண்ணாடிப் பனிநீக்கி, பின்புறக் கேமரா, சஸ்பென்ஷன் உயரம் என மற்ற எல்லாம் நடுவில் நிமிர்ந்து நின்ற 17 அங்குலத் தொடுதிரைக்குள் போய்விட்டன. கார் உலகம் அந்தத் திரையைக் கண்டு மயங்கியது. அடுத்த பத்தாண்டில் வந்த கார்களில் பெரும்பாலானவை அதே வழியில் நடந்தன.

நான்கைந்து ஆண்டுகள் ஓடிய பிறகு சில கார்களில் அந்தத் திரை சோர்ந்துபோகத் தொடங்கியது. கதவைத் திறந்து உட்கார்ந்தால் திரை விழிக்க நேரம் எடுத்தது. வரைபடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள் மட்டும் தெரிந்தன. புளூடூத் பாதியில் நின்றது. ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்து தானாகவே மறுபடி எழுந்தது. ஒரு நாள் அது எழவே இல்லை. ஆனால் கார் ஓடியது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வேகத்தைக் காட்டும் சிறிய திரை தனியானது என்பதால் அது வேலை செய்தது. பிரேக்கும் மோட்டாரும் நன்றாக இருந்தன. ரிவர்ஸ் போட்டால் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பனி படர்ந்த கண்ணாடியைத் தெளிவாக்கும் கட்டளையைக் கொடுக்க இடமில்லை. இண்டிகேட்டர் போட்டால் ‘டிக் டிக்’ ஒலி கேட்கவில்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போனவர்களில் பலருக்கு அங்கே கிடைத்த பதில், வாரண்டி முடிந்துவிட்டது என்பது. அந்தக் காரின் அடிப்படை வாரண்டி 4 ஆண்டுகள் அல்லது 50,000 மைல், எது முதலில் வருகிறதோ அது. அதாவது சுமார் 80,000 கிலோமீட்டர். திரையை இயக்கும் கணினி முழுவதையும் மாற்ற ஆயிரக்கணக்கான டாலர் கேட்கப்பட்டது. உண்மையில் கெட்டிருந்தது அந்தக் கணினியல்ல, திரையும் அல்ல. கணினியின் பலகையில் ஒட்டியிருந்த, விரல் நகத்தளவுள்ள ஒரு நினைவகச் சிப். 8 ஜிகாபைட் கொள்ளளவு கொண்டது. அந்தக் காலத்து மலிவான கைப்பேசிகளில் இருந்ததற்குச் சமம்.

அந்தச் சிப் ஏன் செத்தது என்பது நல்ல இயற்பியல். அதை விளங்கிக்கொண்டால்தான் வாரண்டி என்ற ஏற்பாட்டின் உள்ளே எங்கே ஓட்டை இருக்கிறது என்பதும் புரியும்.

பிளாஷ் நினைவகத்தின் அடிப்படை ஒரு டிரான்சிஸ்டர். மின்னோட்டத்தை விடவும் நிறுத்தவும் டிரான்சிஸ்டரில் ‘கேட்’ என்ற ஒரு பகுதி உண்டு. 1967-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவோன் காங், சைமன் சீ ஆகிய இருவரும் அந்தக் கேட்டுக்கு அடியில் இன்னொரு கேட்டை வைக்கலாம் என்று காட்டினார்கள். இரண்டாவது கேட் எந்தக் கம்பியோடும் சேராமல், நாலாபுறமும் காப்புப் பொருள் சூழ, மிதப்பதுபோல் இருக்கும். அதற்குள் எலெக்ட்ரான்களை அடைத்துவிட்டால், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அவை ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். எலெக்ட்ரான் இருந்தால் 0, இல்லாவிட்டால் 1. இந்த எண்ணத்தை அடிப்படையாக வைத்து, பெருந்திரளாக எழுதவும் அழிக்கவும் கூடிய பிளாஷ் நினைவகத்தை 1980-களில் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கினார். இன்று கைப்பேசியில், பென் டிரைவில், மடிக்கணினியில் இருக்கும் ‘நாண்ட்’ வகையை 1987-இல் அவருடைய குழு அறிவித்தது.

நாலாபுறமும் காப்பிட்ட அறைக்குள் எலெக்ட்ரான் எப்படிப் போகும்? அங்கே குவாண்டம் இயற்பியல் கைகொடுக்கிறது. காப்புப் படலம் சிலிக்கான் டை ஆக்சைடால் ஆனது. தடிமன் சுமார் 8 நானோமீட்டர், இருபது முப்பது அணு அடுக்குகள்தான். மேல் கேட்டில் 20 வோல்ட்டை ஒட்டிய அழுத்தம் கொடுத்தால் அந்த மெல்லிய படலத்துக்குள் உருவாகும் மின்புலம் சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கோடி வோல்ட். காற்றில் சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட்டிலேயே தீப்பொறி பறக்கும். அவ்வளவு வலிமையான புலத்தில், கடக்கவே முடியாத தடுப்பை எலெக்ட்ரான்கள் ஊடுருவிப் போகின்றன. இதற்கு டனலிங் என்று பெயர். அழிக்கும்போது அழுத்தத்தைத் திருப்பிப் போட்டால் அதே வழியாக அவை வெளியேறும்.

ஒவ்வொரு முறை போகும்போதும் வரும்போதும் எலெக்ட்ரான்கள் அந்தப் படலத்தைக் கொஞ்சம் சிதைக்கின்றன. சில அணுப் பிணைப்புகள் அறுகின்றன. அறுந்த இடங்களில் எலெக்ட்ரான்கள் சிக்கிக்கொள்கின்றன. சிக்கியவை பெருகப் பெருக, அறைக்குள் மின்னூட்டம் இருக்கிறதா இல்லையா என்று அளப்பது தடுமாறுகிறது. அறுந்த இடங்கள் வரிசையாக அமைந்துவிட்டால் அடைத்துவைத்த எலெக்ட்ரான்கள் அந்த வழியே கசியவும் செய்கின்றன. வெப்பம் இந்தக் கசிவை விரைவுபடுத்தும். செலவைக் குறைக்க ஒரே அறையில் இரண்டு பிட் சேமிக்கும் சிப்புகளில் நான்கு வெவ்வேறு மின்னூட்ட நிலைகளைப் பிரித்தறிய வேண்டியிருப்பதால் பிழைக்கான இடைவெளி இன்னும் குறுகல். இவ்வகைச் சிப்புகளுக்கு எழுதி அழிக்கும் சுழற்சி சுமார் 3,000 என்று கணக்கு வைப்பார்கள். டெஸ்லாவின் சிப்புக்கும் அதே எண்தான்.

3,000 முறை என்றால் தாராளம் என்று தோன்றும். இங்கே இன்னொரு சிக்கல் குறுக்கிடுகிறது. பிளாஷில் ஒற்றை எழுத்தை மட்டும் அழிக்க வழியில்லை. பல லட்சம் பைட் கொண்ட ஒரு தொகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். கரும்பலகையில் ஒரு சொல்லைத் திருத்துவதற்காக முழுப் பலகையையும் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் திரும்ப எழுதுவதைப் போன்றது இது. எனவே மென்பொருள் நூறு பைட் எழுதச் சொன்னால் சிப் உள்ளே அதைப்போல் பல மடங்கு எழுத நேரிடும். சிறிய சிறிய செய்திகளை ஓயாமல் எழுதும் மென்பொருள்தான் பிளாஷுக்கு மிகக் கொடிய எதிரி.

டெஸ்லாவின் திரைக்குள் இருந்தது அப்படிப்பட்ட மென்பொருள். என்விடியாவின் டெக்ரா 3 செயலியில் லினக்ஸ் ஓடியது. என்ன நடக்கிறது, எந்த நிரல் எப்போது எழுந்தது, எங்கே தடுக்கியது என்று தன்னைப் பற்றிய குறிப்புகளை அது வினாடிதோறும் பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருந்தது. வழக்கமான கணினியில் இது நல்ல பழக்கம். பொறியாளர்கள் பிழையைத் தேட இந்தப் பதிவேடுகளைத்தான் புரட்டுவார்கள். ஆனால் இங்கே பதிவேடு எழுதப்பட்ட இடம் அந்த 8 ஜிகாபைட் சிப். இயங்குதளமும் அதே சிப்பில்தான் குடியிருந்தது. மென்பொருள் பெரிதாகப் பெரிதாக மிச்சமிருக்கும் காலி இடம் குறையும். தேய்மானத்தை எல்லாத் தொகுதிகளுக்கும் சமமாகப் பங்கிட சிப்புக்குள் ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று இருக்கிறதுதான். பங்கிடக் காலி இடம் வேண்டுமே. கெட்ட தொகுதிகளுக்கு மாற்றாக ஒதுக்கிவைத்தவையும் தீர்ந்த நாளில் சிப் எழுத மறுக்கிறது. சில சமயம் படிக்கவும் மறுக்கிறது. கணினி துவங்குவதற்கான நிரலே அதற்குள் இருப்பதால் திரை கருப்பாகவே நின்றுவிடும்.

இதை முதலில் வெளியே சொன்னவர்கள் தனியார் மெக்கானிக்குகள். கெட்ட பலகைகளைப் பிரித்து, சிப்பைச் சூடாக்கிக் கழற்றி, உள்ளே இருந்ததை இன்னொரு பெரிய சிப்புக்குப் படியெடுத்து ஒட்டினார்கள். முற்றிலும் சாவதற்கு முன்னால் கொண்டுவந்தால் இந்த அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் பலித்தது. செத்த பிறகு கொண்டுவந்தால் கடினம். அந்தக் காருக்கே உரிய அடையாளச் சாவிகளும் அந்தச் சிப்புக்குள்தான் இருந்தன. காரை உருவாக்கியவர்கள் அல்லாதவர்கள், கையில் சூட்டுக் குழலோடு, ஒரு வடிவமைப்புக் குறையின் மூல காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். தேய்ந்த பொருளைத் திறந்து பார்க்க உரிமை இருப்பதன் பயனுக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2020 ஜூனில் விசாரணையைத் தொடங்கியது. அதற்கு டெஸ்லா கொடுத்த எண்கள் பொன்னானவை. சராசரி பயன்பாட்டில் அந்தச் சிப் ஒரு நாளைக்கு 0.7 சுழற்சி தேய்கிறது. கூடுதலாக ஓட்டுபவர்களின் காரில் 1.5 சுழற்சி.

இதை வைத்து நாமே கணக்குப் போடலாம். 8 ஜிகாபைட்டை 3,000 முறை எழுதலாம் என்றால் சிப்பின் மொத்த ஆயுள் 24,000 ஜிகாபைட். சராசரிக் கார் நாளுக்கு 5.6 ஜிகாபைட்டைத் தின்கிறது. 3,000-ஐ 0.7-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4,286 நாள், அதாவது 11 முதல் 12 ஆண்டு. அதிகம் ஓடும் காருக்கு 2,000 நாள், ஐந்தரை ஆண்டு. இப்போது 4 ஆண்டு வாரண்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 4 ஆண்டு என்பது 1,461 நாள். அதிகம் ஓடும் காரில்கூட அதற்குள் சுமார் 2,190 சுழற்சிகளே முடிந்திருக்கும். மீதி 800-க்கும் மேல் இருக்கும். வாரண்டி முடியும்வரை சிப் பொதுவாகத் தாங்கும். பிறகுதான் போகும்.

2020 நவம்பரில் டெஸ்லா இந்தச் சிப்புக்கு மட்டும் வாரண்டியை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைலாக நீட்டியது. ஏற்கெனவே பணம் கட்டிப் பழுதுபார்த்தவர்களுக்குத் திருப்பித் தரும் ஏற்பாடும் வந்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனாலும் கணக்கு ஒன்றைச் சொல்கிறது. 8 ஆண்டில் சராசரிக் காரின் சிப் 2,000 சொச்சம் சுழற்சிதான் தேய்ந்திருக்கும். சராசரியாக ஓட்டியவரின் சிப் 12-ஆம் ஆண்டில், நீட்டிய வாரண்டிக்கும் வெளியே, கெடும். அதிகம் ஓட்டியவருக்கு ஐந்தரை ஆண்டு என்ற கணக்கு 8-க்குள் வந்தாலும், மைல் வரம்பு முந்திக்கொண்டால் அவரும் வெளியே நிற்பார்.

சிக்கலின் மையம் இதுதான். கார் வாரண்டி ஆண்டையும் மைலையும் எண்ணுகிறது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் சஸ்பென்ஷனுக்கும் அவை பொருத்தமான அளவுகள். ஓடிய தூரத்துக்கு ஏற்ப உலோகம் தேய்கிறது, ஆண்டுக்கு ஏற்ப ரப்பர் வெடிக்கிறது. பிளாஷ் சிப்புக்கு இரண்டும் பொருந்தாது. நிறுத்தி வைத்த காரிலும் திரையின் கணினி விழித்திருந்தால் சிப் தேயும். அது எண்ணுவது எழுதப்பட்ட பைட்டுகளை மட்டுமே. கணினித் தொழிலில் இது எப்போதோ தெரிந்த சங்கதி. கணினிக்கான பிளாஷ் சேமிப்பகமான எஸ்எஸ்டியை விற்பவர்கள் அட்டைப்பெட்டியிலேயே இரண்டு எல்லைகளைப் போடுகிறார்கள். 1 டெராபைட் எஸ்எஸ்டி என்றால் 5 ஆண்டு அல்லது 600 டெராபைட் எழுத்து என்பது பரவலாகக் காணும் வரம்பு. எவ்வளவு எழுதியாயிற்று என்பதை உரிமையாளரே இலவச மென்பொருளில் பார்த்துக்கொள்ளலாம். கணினியிலிருந்து காருக்குச் சிப் வந்தது, அந்தக் கணக்கு வரவில்லை.

விசாரணையின்போது டெஸ்லா ஒரு வாதத்தை வைத்தது. இத்தகைய உறுப்பு காரின் முழு ஆயுளுக்கும் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தொழில்நுட்பத்தால் முடிந்தாலும் முடியாவிட்டாலும், செலவால் கட்டுப்படியாகாது என்பது அதன் சாரம். இதில் ஒரு பகுதி நியாயம். பிரேக் பேடும் டயரும் தேய்வதற்கென்றே இருப்பவை, அவற்றின் தேய்மானத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் வாரண்டியில் சேர்ப்பதில்லை. ஆனால் பிரேக் பேட் தேய்ந்தால் கிறீச்சென்று சத்தம் போட அதில் ஓர் உலோக நாக்கை வைத்திருக்கிறார்கள். டயரின் பள்ளத்துக்குள் தேய்மானக் கோடு உண்டு. இரண்டையும் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சர்வீஸ் புத்தகத்தில் எழுதியிருக்கும். தேயும் பொருளைத் தேயும் பொருள் என்று சொல்லி விற்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நினைவகச் சிப் தேயும் என்பதை எந்தப் புத்தகமும் வாங்கியவரிடம் சொல்லவில்லை. சொல்ல வழி இல்லாமலும் இல்லை. இத்தகைய சிப்புகளுக்காக 2013-இல் வந்த இஎம்எம்சி 5.0 தரநிலை, சிப் தன் ஆயுளில் எத்தனை சதவீதம் கழிந்தது என்பதைப் பத்துப் பத்தாகக் கணக்கிட்டு அறிவிக்க இடம் வைத்தது. அந்த எண்ணைத் திரையின் ஒரு மூலையில் காட்டினால் போதும்.

2021 ஜனவரி 13 அன்று பாதுகாப்பு நிர்வாகம் டெஸ்லாவுக்குக் கடிதம் எழுதி, ஏறத்தாழ 1,58,000 கார்களைத் திரும்பப் பெறச் சொன்னது. ஐந்தாறு ஆண்டு ஆயுள் போதாது, பின்புறக் கேமராவும் பனிநீக்கியும் எச்சரிக்கை ஒலிகளும் போய்விடுவது விபத்துக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது அதன் முடிவு. அடுத்த மாதம் டெஸ்லா 1,34,951 கார்களுக்கு ரீகால் அறிவித்தது. இதைக் குறைபாடு என்று தான் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னது. 2012 முதல் 2018 வரையிலான மாடல் எஸ், 2016 முதல் 2018 வரையிலான மாடல் எக்ஸ் கார்களில் 64 ஜிகாபைட் சிப் உள்ள புதிய பலகை இலவசமாகப் பொருத்தப்பட்டது. எட்டு மடங்கு இடம் இருந்தால் அதே எழுத்து ஒவ்வொரு அறையையும் எட்டில் ஒரு பங்குதான் தேய்க்கும். பதிவேட்டில் எழுதும் பழக்கத்தையும் மென்பொருள் திருத்தத்தால் குறைத்தார்கள். அதே மாதம் சீனாவிலும் 36,000-க்கு மேற்பட்ட கார்கள் இதே காரணத்துக்காகத் திரும்பப் பெறப்பட்டன.

வாரண்டியும் ரீகாலும் ஒன்றல்ல. வாரண்டி என்பது விற்பவர் தரும் வாக்குறுதி. எல்லையை வகுப்பவரும் அவரே. ரீகால் 1966-ஆம் ஆண்டின் அமெரிக்க மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வருகிறது. பாதுகாப்பைப் பாதிக்கும் குறை என்று முடிவானால் கார் எத்தனை மைல் ஓடியது, இப்போது யார் கையில் இருக்கிறது என்ற கேள்விகள் எழா. அறிவிப்பு வரும் நாளில் முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டு தாண்டாத காருக்கு இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். ஆகவே டேஷ்போர்டுத் திரை கெட்டால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, திரையோடு சேர்ந்து என்ன போயிற்று என்பது. பாட்டு மட்டும் போனால் அது வாரண்டி விவகாரம். பின்புறக் காட்சி போனால் கதை வேறு.

பின்புறக் காட்சிக்கு அந்த எடை வந்ததற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. தந்தை ரிவர்ஸ் எடுத்த காரில் சிக்கி இறந்த கேமரன் கல்பிரான்சன் என்ற இரண்டு வயதுக் குழந்தையின் பெயரில் 2008-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவாக, 2018 மே 1 முதல் தயாராகும் எல்லாப் புதிய சிறு வாகனங்களுக்கும் பின்புறக் கேமரா கட்டாயமானது. ரிவர்ஸ் போட்ட 2 வினாடிக்குள் படம் தெரிய வேண்டும் என்பதும் விதி. பொழுதுபோக்குக்காக வந்த திரை அன்று முதல் கண்ணாடிக்கும் பிரேக் விளக்குக்கும் பக்கத்தில் இடம்பிடித்தது.

இதே மாடல் எஸ் திரைக்கு வேறொரு நோயும் இருந்தது. விளிம்புகள் மஞ்சளாகிப் போவது. திரையின் அடுக்குகளை ஒட்டும் பசையில் வந்த மாற்றம் அது. சர்வீஸ் சென்டரில் புற ஊதா ஒளி பாய்ச்சிச் சரிசெய்தார்கள். பார்க்க அழகில்லையே தவிர, கேமராப் படம் தெரிந்தது. அதனால் அது ரீகால் ஆகவில்லை, வாரண்டியோடு நின்றது.

2022 மே மாதத்தில் வந்த இன்னொரு ரீகால் வேறு மாதிரி முடிந்தது. புதிய டெஸ்லா கார்களில், விரைவு சார்ஜ் செய்யும்போது திரையின் செயலி போதுமான குளிர்ச்சி கிடைக்காமல் சூடேறி, திரை மந்தமாகவோ இருண்டோ போனது. சுமார் 1,30,000 கார்கள். குளிர்விக்கும் முறையை மாற்றிய மென்பொருளைக் காற்றுவழியே அனுப்பினார்கள். பெரும்பாலான உரிமையாளர்கள் காரை எங்கும் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. தேய்ந்துபோன ஆக்சைடு படலத்தை அப்படிச் சரிசெய்ய முடியாது. அதற்குப் பலகையைக் கழற்றத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் இன்றும் 2014, 2015-ஆம் ஆண்டு மாடல் எஸ் கார்கள் பழைய கார்ச் சந்தையில் கைமாறுகின்றன. வாங்குபவர் காரின் 17 எழுத்து அடையாள எண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் தட்டினால், இந்த ரீகால் வேலை முடிந்ததா, பாக்கியா என்று தெரிந்துவிடும். பாக்கி என்றால் புதிய உரிமையாளரும் இலவசமாகச் செய்துகொள்ளலாம். இதில் தள்ளிப்போடக் கூடாத ஒன்று உண்டு. திரை எழத் தாமதிக்கத் தொடங்கியதும், அது எந்த நாளில் எவ்வளவு நேரம் எடுத்தது என்று கைப்பேசியில் படம்பிடித்து வைத்து, சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டில் அந்தக் குறையை எழுதி வாங்க வேண்டும். நடுவிலே மறுபடி நன்றாக இயங்கினாலும் சரி. சிப் முழுவதும் போவதற்கு முன்னால் பலகை மாற்றப்பட்டால், காரின் சாவிகளும் அமைப்புகளும் அப்படியே புதிய சிப்புக்குப் போய்ச் சேரும்.